ஆச்சி சொன்ன ‘பெரியப்பா முறை’: வ.உ.சி. குடும்பத்தோடு உறவு உண்டா என்று எப்படித் தேடுவது?

#1 கோவில்பட்டிப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற ஆச்சி 2014இல் தன் 89ஆவது வயதில் காலமானார். சின்ன வயதிலிருந்து அவர் வாயால் நான் நூறு தடவையாவது கேட்ட பேச்சு இது: “கப்பல் விட்டாகளே சிதம்பரம் பிள்ளை, அவுக எனக்குப் பெரியப்பா முறை வேணும்.” இதற்கு மேல் ஒரு விவரமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது இப்போது உறுத்துகிறது.

வருகிற தை மாதம் மாமாவுக்கு எண்பதாம் கல்யாணம். மாமா மகன் குடும்ப மலர் ஒன்று அச்சடிக்கிறான். முதல் பக்கத்திலேயே ‘வ.உ.சி. வழித்தோன்றல்கள்’ என்று போட வேண்டுமாம். உண்மை என்றால் எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. உண்மையில்லை என்றால் அந்த மனிதரின் பெயரை நாங்கள் எடுத்துக்கொள்வது தப்பு. எங்கிருந்து தொடங்குவது என்று வழி சொல்லுங்கள்.

#2 பழைய பத்திரம்

தங்கச்சி, நான் நெல்லைப் பக்கம் நாற்பது வருஷம் ஆவண எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் பெரிய மனிதரிடமிருந்து ஆரம்பித்துத் தங்கள் வீட்டு வாசல் வரை கோடு போடப் பார்ப்பார்கள். அப்படி வரவே வராது. உங்கள் ஆச்சியிடமிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் வேண்டும். தாள் இல்லாத படியில் காலை வைக்காதீர்கள்.

அதற்கு முன்னால் ஆச்சியின் வாக்கியத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். அவர் ‘எங்க பெரியப்பா’ என்று சொல்லவில்லை. ‘பெரியப்பா முறை வேணும்’ என்றிருக்கிறார். நம் பக்கத்தில் ‘முறை’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஒரே தெருவில் ஒரே சாதியில் இருந்தால் ஆளுக்கு ஆள் ஏதாவது முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். ரத்த உறவுக்கும் அதே சொல், அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே சொல்.

இன்னொன்று. பெரியப்பா இரண்டு வழியில் வரலாம். அப்பாவின் அண்ணன், அல்லது அம்மாவின் அக்காள் புருஷன். முதல் வழி பங்காளி. இரண்டாவது வழி கொண்டான் கொடுத்தான். உங்கள் தேடல் முழுக்க இந்த இரண்டில் எது என்பதில்தான் நிற்கிறது.

இதெல்லாம் சொல்லுங்கள்: ஆச்சி பிறந்த ஊர், ஆச்சியின் அப்பா, தாத்தா பெயர், ஆச்சியின் அம்மா பிறந்த ஊர், பிறந்த வீட்டுக் குலதெய்வம் எந்த சாஸ்தா. பெயர்களை இங்கே பொதுவில் போட வேண்டாம், நீங்கள் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

#3 கோவில்பட்டிப் பேத்தி

அண்ணாச்சி, நன்றி. இரண்டு வகைப் பெரியப்பா என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் இதில் பொருத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை.

ஆச்சி கோவில்பட்டியில் பிறந்தவர். அவருடைய அப்பா எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்தவர். அப்பாவின் பெயர் வரை தெரியும், தாத்தா பெயர் தெரியாது. ஆச்சியின் அம்மா எந்த ஊர் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. சாஸ்தா எது என்று பெரியம்மாவிடம் கேட்க வேண்டும்.

வ.உ.சி. 1920களில் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார், 1932இல்தான் தூத்துக்குடிக்குப் போனார் என்று படித்தேன். அப்படியானால் ஆச்சி சிறுமியாக அவரை நேரில் பார்த்திருக்க வாய்ப்புண்டு. அந்தப் பழக்கத்தில் வந்த ‘முறை’யாகவும் இருக்கலாம் இல்லையா?

#4 வேம்படியான்

இருக்கலாம். அதனால்தான் சாஸ்தா கேள்வி முக்கியம். திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே உள்ளவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு வகையறா எத்தனை ஊருக்குப் பிரிந்து போனாலும் பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் சாஸ்தா கோயிலில் வந்து சேர வேண்டும். தாத்தா காலத்தில் ஊரை விட்டுப் போனவன்கூடக் குழந்தைக்கு முடியிறக்க அங்கேதான் வருவான். ஆகவே ஒரே சாஸ்தா என்றால் பங்காளியாக இருக்க வாய்ப்பு உண்டு. வேறு சாஸ்தா என்றால், அப்பா வழிப் பெரியப்பா என்பது அநேகமாக அடிபட்டுப் போகும்.

எங்கள் கோயிலுக்கு நான்தான் பத்து வருஷமாகக் கொடிவழி எழுதி வருகிறேன். எனக்கு உதவியவை எவை என்று கேட்டால் முதலில் தலைக்கட்டு வரி நோட்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளைக்கும் ஒரு வரி. அப்பா பெயரோடு எழுதியிருப்பார்கள். பழைய நோட்டும் புது நோட்டும் பக்கத்தில் வைத்தால் எந்தக் குடும்பம் எப்போது பிரிந்தது என்று தெரிந்துவிடும். அடுத்தது மொய் நோட்டு. யார் என்ன முறைக்கு எவ்வளவு செய்தார்கள் என்று அதில் இருக்கும். மாமன் சீர், அத்தை செய்முறை என்று தலைப்புப் போட்டு எழுதுகிற வீடுகள் உண்டு. என்னைக் கேட்டால் பெண் வழி உறவு தப்பிப் பிழைத்திருப்பது மொய் நோட்டில்தான். வரி நோட்டில் ஒரு பெண் பெயர்கூட இருக்காது. எங்கள் கொடிவழியில் ஐந்து தலைமுறை ஆண்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களில் பாதிப் பேருக்குப் பெயரே இல்லை. எழுதும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

ஆச்சியின் பிறந்த வீட்டில் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறவர் யார் என்று பாருங்கள். அப்பா, பாட்டன், பூட்டன் மூன்று பெயரும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். நீங்கள் தெரியாது என்று சொன்ன தாத்தா பெயர் அங்கே இருக்கிறது.

#5 உப்புக்காத்து

ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. நான் தூத்துக்குடி. எங்க தாத்தாவோட அப்பா கோரல் மில்லுல வேலை பாத்தவர். 1908 பிப்ரவரி 27ஆம் தேதி அந்த மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்னாங்க. மார்ச் 12 அவங்களைக் கைது பண்ணாங்க. மறுநாள் திருநெல்வேலியில கலவரம், துப்பாக்கிச்சூடு, நாலு பேர் செத்தாங்க. அந்த நாலு பேருக்கு நான் கொள்ளுப்பேரன்னு சொல்லிக்கிட்டு எவனாவது வந்திருக்கானா? இந்த மாதிரி இடங்கள்ல நான் பாத்த அத்தனை பேரும் தலைவர் வீட்டுக்குத்தான் உறவு தேடுறாங்க.

அந்த மனுசன் சொத்து முழுக்கத் தொலைச்சாரு, செக்கு இழுத்தாரு, வெளிய வந்து மண்ணெண்ணெய் வித்தாருன்னு சொல்வாங்க. அப்போ எத்தனை பேர் ‘எங்க பெரியப்பா’ன்னு ஓடி வந்தாங்க? இப்ப வந்து சாதி மாநாட்டுல படம் வச்சு எங்காளுங்கிறாங்க. அது எனக்கு வலிக்குது. அவரு கூட நின்னது மில் தொழிலாளி.

#6 கோவில்பட்டிப் பேத்தி

நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தப்பாக நினைக்கவில்லை. மலரில் அந்த வரி வேண்டாம் என்று நான் மாமா மகனிடம் சண்டை போட்டதற்கும் இதுதான் காரணம். ஆனால் ஆச்சி அதைப் பெருமைக்காகச் சொன்னவர் இல்லை. விளக்கு வைத்த பிறகு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது நடுவில் வந்து விழும் வாக்கியம் அது. அதனால்தான் விட முடியவில்லை.

#7 நாலாம் வளைவு

எதற்கு இவ்வளவு சுற்று? எச்சிலைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்தால் ஒரே மாதத்தில் தெரிந்துவிடுமே.

#8 பொட்டோமாக் கரை

நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன், மரபணு ஆய்வகத்தில் வேலை. எச்சில் சோதனையால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதற்கு இந்த ஊர்க் கதையே நல்ல பாடம்.

தாமஸ் ஜெஃபர்சன், அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர். மான்டிசெல்லோ என்ற அவருடைய பண்ணையில் சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப்பெண் இருந்தார். ஜெஃபர்சனின் மனைவிக்கு அவர் ஒரே தந்தைக்குப் பிறந்த தங்கை. அந்தக் கொடுமையே தனிக் கதை. சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சன்தான் என்று சாலியின் மகன் மாடிசன் 1873இல் ஒரு செய்தித்தாளில் பகிரங்கமாகவே சொன்னார். ஜெஃபர்சன் வீட்டார் இல்லை என்றார்கள், அவருடைய சகோதரி மக்களான கார் சகோதரர்கள்தான் தந்தை என்று பேரப்பிள்ளைகள் சொல்லி வந்தார்கள். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் நூறு வருஷத்துக்கு மேல் ஜெஃபர்சன் வீட்டார் சொன்னதையே நம்பினார்கள்.

1998இல் சோதனை நடந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனை. ஜெஃபர்சனுக்கு மனைவி வழியில் வளர்ந்து ஆளான மகன் இல்லை. ஆகவே அவருடைய அப்பாவோடு உடன்பிறந்த ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண் வழியினரிடம் மாதிரி எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண் வழியில் வந்தவரோடு அது பொருந்தியது. கார் குடும்பத்தோடு பொருந்தவில்லை. வெள்ளைக் குடும்பம் இத்தனை காலம் சொல்லி வந்தது விழுந்துவிட்டது.

அதே சோதனையில் இன்னொன்றும் நடந்தது. தாமஸ் வுட்சன் என்பவர் சாலியின் மூத்த மகன் என்று அவர் வம்சத்தார் தலைமுறை தலைமுறையாக உறுதியாகச் சொல்லி வந்தார்கள். வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்துபோன கிளைகள்கூட ஒரே கதையை வைத்திருந்தன. அந்தக் குடும்பத்து ஆண்களின் மாதிரி ஜெஃபர்சன் வழியோடு பொருந்தவில்லை. அவர்கள் பொய் சொன்னவர்கள் இல்லை, பாட்டி சொன்னதை அப்படியே நம்பிக் காப்பாற்றியவர்கள்.

பொருந்தியதும்கூட ‘ஜெஃபர்சன் ஆண் ஒருவர்’ என்பதோடு நின்றுவிடும். தாமஸா அவர் தம்பியா என்று குரோமோசோம் சொல்லாது. சாலி ஒவ்வொரு தடவை கருவுற்ற காலத்திலும் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்தார் என்பது ஏடுகளிலிருந்து கிடைத்தது. மாடிசனின் வாக்குமூலம் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் 2000இல் மான்டிசெல்லோ அறக்கட்டளை அவர்தான் தந்தையாக இருக்க மிகுந்த வாய்ப்பு என்ற முடிவுக்கு வந்தது.

அக்கா, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சி உங்கள் அம்மாவைப் பெற்றவர். அந்த வழியில் ஒய் குரோமோசோம் உங்களிடம் வராது, உங்கள் மாமாவிடமும் அவருடைய அப்பா வழிதான் இருக்கும். மற்ற மரபணுவை வைத்துப் பார்க்கும் சோதனையோ, தாய்மாமனையும் அத்தை மகனையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நம் குடும்பங்களில் தடுமாறும். ஒரே முன்னோர் நான்கு பக்கத்திலிருந்து வருவதால், தூரத்துச் சொந்தத்தைக் கிட்டத்துச் சொந்தம் என்று காட்டிவிடும். உங்கள் மாமா மகனுக்குச் சாதகமான எண் வந்தால்கூட நான் நம்ப மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வ.உ.சி. குடும்பத்தாரிடம் போய் எச்சில் கேட்க நமக்கு என்ன உரிமை? வேண்டாம்.

#9 வேம்படியான்

வுட்சன் குடும்பத்துக் கதை நெஞ்சில் தைத்தது. நன்றி.

ஆச்சியின் கதைக்கு வயது என்ன என்றும் பாருங்கள். 1961இல் வ.உ.சி. வாழ்க்கை திரைப்படமாக வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் புது உறவு முளைத்தது. 1961க்கு முன்னாலேயே ஆச்சி இதைச் சொன்னதைக் கேட்ட யாராவது உயிரோடு இருக்கிறார்களா?

பெயரை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். ‘எங்கள் வீட்டிலும் உலகநாதன் உண்டு, சிதம்பரம் உண்டு’ என்று வருவார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் இந்தப் பெயர்கள் தெருவுக்குப் பத்து. வ.உ.சி.யே தமக்கு வக்கீல் உரிமத்தைத் திரும்ப வாங்கித் தந்த வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அவர் வீட்டுப் பெயரை வைத்து வம்சம் கண்டுபிடிக்கப் போனால் இங்கிலாந்துக்குப் போய் நிற்போம். தலைப்பெழுத்தும் அப்படித்தான். ‘உ’ உலகநாத பிள்ளை, அவர் அப்பா. ‘வ’வுக்கு வண்டானம் என்று ஊர்ப்பெயர் சொல்வாரும் உண்டு, வள்ளியப்பன் என்பாரும் உண்டு.

அவர் பக்கத்து விவரத்துக்கு யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். தம் பிறப்பு வளர்ப்பை அவரே அகவலில் சுயசரிதையாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் அதைப் படியுங்கள்.

#10 கோவில்பட்டிப் பேத்தி

பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்தேன். மூன்று விஷயம்.

ஆச்சியின் பிறந்த வீட்டு சாஸ்தா எட்டயபுரம் பக்கம். வ.உ.சி. முன்னோரின் ஊரோடு அதற்குத் தொடர்பு எதுவும் தெரியவில்லை. பெரியம்மாவின் கல்யாணம் 1958. ‘பெரியப்பா முறை’ பேச்சைத் தன் கல்யாணத்துக்கு முன்பே கேட்டிருப்பதாகச் சொல்கிறார். ஆக, படத்தைப் பார்த்து வந்த கதை இல்லை.

மூன்றாவது, டிரங்குப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய ஒரு பத்திரம். எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரியில் ‘௲௯௰௭’ என்று ஏதோ இருக்கிறது, பக்கத்தில் கொம்பு வைத்த மாதிரி ஒரு குறி. ‘துன்மதி’ என்று ஒரு சொல் மட்டும் படிக்க முடிகிறது.

#11 பழைய பத்திரம்

அழுக்குத் துணியில் சுற்றி வைத்த அந்தப் புண்ணியவதியைக் கும்பிடுகிறேன்.

௲ ஆயிரம், ௯௰ தொண்ணூறு, ௭ ஏழு. ஆக 1097. பக்கத்தில் இருப்பது ௵, வருஷக் குறி. இது கொல்லம் ஆண்டு. நம் ஜில்லாவில் பத்திரங்கள் கொல்லம் ஆண்டில்தான் எழுதப்பட்டன. ஆவணி முதல் மார்கழி வரை 824, தை முதல் ஆடி வரை 825 கூட்ட வேண்டும், அப்போது இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும். துன்மதியும் ஒத்து வருகிறது. 1921 சித்திரை முதல் 1922 பங்குனி வரை துன்மதி. தமிழ் வருஷப் பெயரை மட்டும் நம்பினால் அறுபது வருஷம் இடறும், ஒரு தலைமுறையையே விழுங்கிவிடும். 1861இலும் துன்மதி உண்டு. வேறு சில தாள்களில் நிலவரிக் கணக்குக்கு உரிய பசலி ஆண்டு இருக்கும், அதற்கு 590 அல்லது 591.

கடைசிப் பக்கத்தின் பின்னால் பாருங்கள். சார்பதிவாளர் முத்திரை, ‘1 புத்தகம்’, வால்யூம், பக்கம், நம்பர் என்று இருந்தால் அது பதிவான பத்திரம். கணினியில் வில்லங்கம் போட்டால் 1975க்கு முந்தியவை பெரும்பாலும் வராது. ஆனால் அந்த நம்பரைக் கொடுத்து எழுதிக் கேட்டால் அலுவலகத்தில் நகல் எடுத்துத் தருவார்கள். அப்போது எல்லாம் திருநெல்வேலி ஜில்லா, தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் பிரிந்தது. தேடும்போது இதை மறக்க வேண்டாம்.

எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பகுதியைப் பெரிதாக்கிப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். அந்தக் காலத்தில் ‘இன்னார் குமாரர்’, ‘இன்னார் பாரியாள்’ என்று தகப்பன் பெயர், புருஷன் பெயர், ஊர், தொழில் எல்லாம் போடாமல் பத்திரம் எழுத மாட்டோம். நான்கெல்லையில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர்கூட இருக்கும்.

#12 கோவில்பட்டிப் பேத்தி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணாச்சி வரி வரியாகப் படித்துச் சொன்னார். அது தான செட்டில்மென்ட். எழுதிக்கொடுத்தவர் ஆச்சியின் அம்மாவைப் பெற்ற தகப்பனார். தன் இரண்டு பெண்மக்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் புஞ்சை எழுதி வைத்திருக்கிறார். இளைய மகள் ஆச்சியின் அம்மா. மூத்த மகளைப் பற்றிய வரி இதுதான்: ‘ஒட்டப்பிடாரத்திலிருக்கும்’ என்று தொடங்கி ஒருவர் பெயர், அதன்பின் ‘பாரியாள்’.

அப்படியானால் ஆச்சிக்கு ஒட்டப்பிடாரத்தில் ஒரு பெரியம்மா இருந்திருக்கிறார். அவருடைய புருஷன் ஆச்சிக்குப் பெரியப்பா. அவருக்கு அண்ணன் முறை வருகிற ஊர்க்காரர் எல்லோரும் ஆச்சிக்குப் பெரியப்பா முறைதான். வ.உ.சி. பிறந்தது அந்த ஊர், 1872இல். அண்ணாச்சி முதல் நாளே சொன்ன இரண்டாவது வழி.

அந்தப் பெரியம்மா புருஷனும் வ.உ.சி.யும் பங்காளிகளா, வெறும் ஊர்க்காரர்களா என்பதற்கு என்னிடம் தாள் இல்லை. ஆகவே அந்தப் படியில் காலை வைக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் எங்களுக்கும் அவருக்கும் ரத்த வழி இல்லை. மாமா மகனிடம் பத்திரத்தைக் காட்டினேன். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே வந்து அந்த வரியை எடுத்துவிட்டேன் என்றான். முதல் பக்கத்தில் பத்திரத்தின் படம் வருகிறது.

அம்மாவிடம் ஆச்சியின் அம்மா பெயரைச் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தன் பாட்டியின் பெயரைக் கேட்கிறாள். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ‘என் பேரும் பாதி அதுதாண்டி’ என்றாள்.

#13 உப்புக்காத்து

தங்கச்சி, அன்னிக்குக் கொஞ்சம் சூடாப் பேசிட்டேன். இந்த இழையைப் படிச்சுட்டு எங்க அப்பாகிட்ட மில்லுத் தாத்தா பேரு கேட்டேன். பேரு தெரியும், அவருக்கு அப்பா பேரு தெரியாதுன்னாரு. எங்களுக்கு நிலமும் இல்ல, பத்திரமும் இல்ல. எங்களை மாதிரி ஆளுங்க எங்க போய்த் தேட?

#14 பழைய பத்திரம்

தம்பி, நல்ல கேள்வி. நிலமில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. முன்னோர் கிறிஸ்தவராக இருந்தால் கோயில் ஞானஸ்நானப் புத்தகம், அது பத்திரத்தைவிடப் பழையதாகவே கிடைக்கும். இல்லையென்றால் தாத்தா படித்த பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு. பிறப்புப் பதிவில் குழந்தை பெயர் இருக்காது, ‘ஆண்’ என்று மட்டும் போட்டு அப்பா பெயரும் தெருவும் எழுதியிருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள், தெருவை வைத்துத் தேடுங்கள். 1908 சம்பவம் பற்றிய அரசு ஆணைகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போகும்போது சொல்லுங்கள், மனு நான் எழுதித் தருகிறேன்.

மில்லுத் தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார்?